பேனாக்கத்தியும் தீட்டுக்கல்லும்

சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத் தக்க சிறிய மடக்குக் கத்தியைத் தமிழ்மக்கள் பேனாக்கத்தி என்று வழங்குகின்றனர். பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் பென்சில் சீவவும் பயன்படும் இக்கருவிக்கும் பேனாவுக்கும் என்ன உறவு என்று நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. ஐரோப்பியர் பறவையின் இறகைச் சீவி எழுதிய காலத்தில், அதன் முனையைத் திருத்துவதற்கென்றே ஒரு சிறு கத்தியை எழுதுமேசையில் வைத்திருந்தனர். இறகுப் பேனா மறைந்தது. கத்தி பையில் தங்கிவிட்டது. பேனாவை நினைவூட்டும் அதன் பெயரும் ஆங்கிலத்தின் வழியே நம் மொழிக்கு வந்து நிலைத்துவிட்டது.

முஸ்லிம் நாடுகளிலும் இவ்வுறவு இருந்தது. அங்கு எழுதுகோல் நாணலால் ஆனது. அதைச் சீவும் கத்தியைப் பாரசீகர் 'கலம்தராஷ்' என்றனர். துருக்கியரும் உருதுமொழியினரும் அப்பெயரையே மேற்கொண்டனர். கலம் என்றால் எழுதுகோல்; தராஷ் என்றால் சீவுவது. பேனாக்கத்தி என்னும் நம் சொல்லுக்கும் பொருள் ஏறத்தாழ அதுவே.

கத்தியைத் தீட்டுவது கொல்லருக்கும் சாணைக்காரருக்கும் உரிய வேலை என்றே இன்று கருதப்படுகின்றது. ஆனால் நமது மரபில் அது எழுத்தறிந்தோர் கல்வியின் ஒரு பகுதியாக இருந்தது. அதற்கும் முன்பாக, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு செயலாகவும் இருந்தது. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டி, நாம் எதை இழந்துள்ளோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாணலும் கத்தியும்

நாணலைச் சீவி எழுதுகோலாக்கும் பணியை அரபு எழுத்துக்கலை வல்லுநர் நான்கு படிகளாகப் பகுத்தனர். முதலாவது 'ஃபத்ஹு', நாணலின் ஒரு முனையைச் சாய்வாகச் சீவித் திறத்தல். இரண்டாவது 'நஹ்து', பக்கங்களையும் உட்புறத்தையும் செதுக்கி வடிவமாக்குதல். மூன்றாவது 'ஷக்கு', மை இறங்கிவரும் பொருட்டு முனையின் நடுவே பிளவு இடுதல். நான்காவது 'கத்து', முனையைக் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டி எழுதும் விளிம்பை அமைத்தல். (இச்சொல்லுக்கும் நம் கத்திக்கும் உள்ள ஒலியொப்புமையைக் கொண்டு உறவு கொண்டாடுவதற்கில்லை; அது தற்செயலே.)

நான்கினுள் நான்காவதே உயிரானது. தந்தத்தாலோ எலும்பாலோ ஆன 'மிகத்தா' என்னும் சிறு பலகைமீது நாணலைக் கிடத்தி, கத்தியை வைத்து அழுத்தினால் 'டக்' என்ற ஒலியுடன் முனை துண்டாகி விழவேண்டும். கத்தி மழுங்கியதாயின் நாணலின் நார்கள் அறுபடாமல் நசுங்கும். நசுங்கிய விளிம்பு மையை ஒழுங்காக விடாது; எழுத்தின் ஓரம் கலங்கும். ஓர் அலிஃபின் நேர்மை எழுதுவோரின் கைத்திறனுக்கு முன்னதாகவே கத்தியின் விளிம்பில் தீர்மானமாகிவிடுகின்றது.

இதனை உணர்ந்தவர்களே அரபு எழுத்துக்கு இலக்கணம் வகுத்தவர்கள். அப்பாஸிய கலீஃபாக்கள் மூவரிடம் அமைச்சராயிருந்த இப்னு முக்லா (மறைவு கி.பி. 940) எழுத்துகளுக்கு அளவு விகிதம் வகுத்த பெருமைக்குரியவர். அரசியல் பகையால் வலக்கை வெட்டப்பட்டுச் சிறையில் மாண்ட அப்பெருந்தகையின் பெயரால், எழுதுகோல் சீவும் கத்தி மிகக் கூர்மையாக இருக்கவேண்டும் என்னும் அறிவுரை வழிவழியாக எடுத்துரைக்கப்பட்டு வந்தது. அவருக்குப்பின் தோன்றிய இப்னுல் பவ்வாப் (மறைவு கி.பி. 1022) எழுத்துக்கலை பற்றி அரபியில் பாடிய பாடல் இப்னு கல்தூனின் முகத்திமாவில் இடம்பெற்றுள்ளது. எழுதுகோலைத் தேர்வதையும் சீவுவதையும் அப்பாடலில் விளக்கிச் செல்லும் அவர், நுனிவெட்டின் நுட்பத்தை மட்டும் வெளியிட மறுத்துவிடுகின்றார். ஹிஜ்ரி 391ஆம் ஆண்டில் அவர் எழுதி முடித்த திருக்குர்ஆன் படி டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இன்றும் உள்ளது. பின்னர்ப் பாக்தாதில் வாழ்ந்த யாகூத் அல் முஸ்தஃஸிமி (மறைவு கி.பி. 1298) முனையை மேலும் சாய்வாக வெட்டும் முறையைக் கையாண்டு எழுத்துக்கு ஒரு புதிய நளினத்தைத் தந்தார். கத்தி செல்லும் கோணம் சற்று மாறியதால் ஓர் எழுத்துக்கலையின் போக்கே மாறியது என்பது சிந்தனைக்குரியது.

உதுமானியர் காலத்தில் கலம்தராஷ் செய்வது ஒரு தனிக்கலையாயிற்று. அதனைச் செய்த கைவினைஞர் தம் பெயரை அலகில் பொறித்தனர். தந்தத்தாலும் பவளத்தாலும் கைப்பிடி அமைத்தனர்.

தமிழகத்தில் ஓலையில் எழுதியோரிடமும் இதற்கு நிகரான ஒரு கருவி இருந்தது. எழுத்தாணி வகைகளுள் மடக்கெழுத்தாணி என்று ஒன்று உண்டு. ஒரே கைப்பிடியில் எழுத்தாணியும், ஓலையை வாருவதற்கான சிறு கத்தியும் இணைந்திருக்கும். வேலை முடிந்தபின் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடிய காலம் ஓலையும் எழுத்தாணியும் வழங்கிய காலமே. நாணலைக்கொண்டு அரபுத்தமிழ் எழுதிய ஆலிமாயினும், எழுத்தாணிகொண்டு ஓலையில் கீறிய புலவராயினும், எழுதுவோர் கைக்கு அருகில் ஒரு கூரிய கத்தி இருந்தே தீரவேண்டும் என்பதே அன்றைய நிலை.

கல்லின் இனங்கள்

கத்தி இருந்தால் அதைத் தீட்டும் கல்லும் வேண்டும். கெய்ரோவில் மம்லூக் அரசின் செயலகத்தில் பணியாற்றிய அல் கல்கஷந்தி (மறைவு கி.பி. 1418) என்னும் அறிஞர், அரசு எழுத்தர்களுக்காக 'ஸுப்ஹுல் அஃஷா' என்னும் மாபெரும் நூலை இயற்றினார். பதினான்கு தொகுதிகளாக அச்சேறிய அந்நூலில், எழுத்தரின் மைக்கூட்டுப் பெட்டியில் இருக்கவேண்டிய பதினேழு கருவிகளை அவர் வரிசைப்படுத்துகின்றார். பதினேழின் பெயர்களும் மீம் என்னும் எழுத்திலேயே தொடங்குவது ஒரு நயம். முதலாவது 'மிஸ்பர்' எனப்படும் எழுதுகோல். கத்தி, 'முத்யா' என்னும் பெயரில் அவ்வரிசையில் இடம்பெறுகின்றது. எழுதுகோல் சீவுவதற்கன்றி வேறெதற்கும் அக்கத்தியைப் பயன்படுத்தலாகாது என்னும் விதியும் அங்கு உண்டு. இறுதியான பதினேழாவது கருவி 'மிஸன்', அதாவது தீட்டுக்கல்.

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. தீட்டுக்கல்லை நிறத்தாலும் பிறந்த இடத்தாலும் தரம் பிரிக்கின்றார். சாம்பல் நிறமுடையது ரூமி எனப்படும். பச்சை நிறமுடையது இருவகை. ஒன்று ஹிஜாஸைச் சேர்ந்தது, மற்றொன்று மேல் எகிப்தின் கூஸ் நகரைச் சேர்ந்தது. இவற்றுள் ரூமியே சிறந்தது, அடுத்தது ஹிஜாஸி, கூஸி அதற்கும் அடுத்தது என்கின்றார். அரச மடல்களின் நடையையும் பட்டங்களையும் முத்திரைகளையும் விரித்துரைத்த ஒரு பேரறிஞர், தீட்டுக்கல்லின் தரத்தை ஆராய்வதைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதவில்லை என்பதை நாம் ஈண்டு கருத்திற்கொள்ள வேண்டும்.

கூர்மையாக்கும் கல்லின் வரலாற்றில் நம் தமிழுக்கும் பங்குண்டு. வைரத்துக்கு அடுத்த கடினமுடைய ஒரு கனிமத்துக்கு உலக அறிவியலில் வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயர், 'குருந்தம்' என்னும் தமிழ்ச்சொல்லின் வழிவந்ததாகும். குருந்தக் கல்லைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்வது இந்நாட்டின் பழைய தொழில்நுட்பம். இன்று கடைகளில் கிடைக்கும் கருஞ்சாம்பல் நிறத் தீட்டுக்கற்கள் பெரும்பாலும் கார்போரண்டம் என்னும் செயற்கைப் பொருளால் ஆனவை. அமெரிக்கரான எட்வர்டு அச்சன் 1893இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

கல் ஒருபுறமிருக்க, இரும்பின் தரமும் கூர்மையைத் தீர்மானிக்கின்றது. மெய்யியல் அறிஞரான அல் கிந்தி (மறைவு கி.பி. 873 அளவில்) வாள்களைப் பற்றித் தனி நூல் எழுதி, கடினமான இரும்பை 'ஷாபுர்கான்' என்றும் மென்மையானதை 'நர்மாஹன்' என்றும் பகுத்து, உருக்காகிய 'ஃபூலாத்'தை அவற்றினின்றும் வேறுபடுத்திக் காட்டினார். இந்திய உருக்கின் புகழ் அரபு மொழியிலேயே பதிவாகியுள்ளது. 'முஹன்னத்' என்றால் இந்திய இரும்பால் ஆன வாள்; நபிகள் நாயகத்தின் (ஸல்) திருமுன் கஅப் இப்னு ஸுஹைர் (ரழி) பாடிய புகழ்ப்பாடலிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. ஈரோடு மாவட்டத்தின் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் இரும்பையும் உருக்கையும் ஆக்கிய பழந்தமிழரின் தொழில்திறனுக்குச் சான்று தருகின்றன. கடினமான உருக்கு தீட்டுவதற்கு அரிது. ஆயினும் தீட்டிய கூர்மையை நெடுநாள் காக்கும். மெல்லிய இரும்போ விரைவில் கூராகி விரைவில் மழுங்கும்.

அரபுச் சொற்கள் கூறும் செய்தி

அரபியில் கத்திக்கு வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு கருத்தைத் தாங்கி நிற்கின்றன. 'ஸிக்கீன்' என்னும் சொல் திருக்குர்ஆனில் ஒரே ஓரிடத்தில், யூஸுஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் வருகின்றது. அறுபட்ட பிராணியின் அசைவை அடங்கச் செய்வதால், அமைதியைக் குறிக்கும் 'ஸுகூன்' என்னும் சொல்லோடு இதனை மொழியறிஞர் தொடர்புபடுத்துவர். 'முத்யா' என்பது வாழ்வின் எல்லையைக் குறிக்கும் 'மதா' என்பதோடு தொடர்புடையது என்பர். நபி ஸுலைமான் (அலை) அவர்கள் இரு பெண்களுக்கிடையே தீர்ப்பளித்த வரலாற்றை அறிவிக்கும் அபூஹுரைரா (ரழி) அவர்கள், ஸிக்கீன் என்னும் சொல்லைத் தாம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாகவும், தம் மக்களிடையே முத்யா என்பதே வழக்கு என்றும் கூறியிருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பெரிய, அகன்ற கத்திக்கு 'ஷஃப்ரா' என்று பெயர்.

கூர்மையைக் குறிக்கும் சொற்களோ இன்னும் ஆழமானவை. 'ஹத்து' என்றால் கத்தியின் கூர்முனை. எல்லை என்பதும் அதன் பொருளே. திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்துக்குப் பெயராக அமைந்த 'ஹதீத்', அதாவது இரும்பு, இதே வேரைச் சேர்ந்தது. கருவி எங்கு முடிகின்றதோ அவ்வெல்லையே அதன் கூர்மை. அவ்விளிம்பில் இருபுறமும் வந்து சேரும் பரப்புகள் எவ்வளவு மெல்லிதாகச் சந்திக்கின்றனவோ அவ்வளவு கூர்மை பிறக்கும். மழுங்கிய கத்தி என்பது தன் எல்லையை இழந்த கத்தியாகும்.

நபியவர்களின் இல்லத்தில்

ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. குர்பானி கொடுப்பதற்காகக் கொம்புள்ள ஆட்டுக்கடா ஒன்று கொண்டுவரப்படுகின்றது. அதன் கால்களும் வயிறும் கண்களைச் சுற்றிய பகுதியும் கறுப்பு. நபி (ஸல்) அவர்கள் கத்தியைக் கொண்டுவருமாறு ஆயிஷா (ரழி) அவர்களிடம் கூறுகின்றார்கள்; பின்னர் அதைக் கல்லில் தீட்டுமாறு பணிக்கின்றார்கள். அன்னையவர்கள் தீட்டித் தருகின்றார்கள். அதன்பின்னரே நபியவர்கள் கடாவைக் கிடத்தி, இறைவன் பெயர் கூறி, தம் சார்பிலும் தம் குடும்பத்தார் மற்றும் சமுதாயத்தார் சார்பிலும் ஏற்கப்பட வேண்டி அறுக்கின்றார்கள்.

இந்நிகழ்ச்சியில் மூன்று செய்திகளை நாம் காண்கின்றோம். முதலாவது, கத்தி வீட்டிலேயே தீட்டப்பட்டது. அதற்கு ஒரு கல்லே போதுமானதாயிருந்தது. இரண்டாவது, தீட்டியவர் பிற்காலத்தில் பெரும் நபித்தோழர்களும் சட்ட விளக்கம் கேட்டு நாடிவந்த அறிஞராகிய அன்னையவர்கள். மூன்றாவது, தீட்டுவது இவ்வணக்கத்துக்குப் புறம்பான ஆயத்த வேலையாகக் கூறப்படவில்லை. கடாவின் நிறத்தைப் போலவும் வேண்டுதலைப் போலவும் அதுவும் நினைவில் நிறுத்தி அறிவிக்கப்பட்டுள்ளது.

இச்செயலின் காரணத்தை மற்றொரு நபிமொழி விளக்குகின்றது. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரழி) அவர்கள் அறிவிப்பதும் முஸ்லிமில் உள்ளதுமான அந்நபிமொழியை இமாம் நவவீ (மறைவு ஹிஜ்ரி 676) தம் நாற்பது நபிமொழித் தொகுப்பில் பதினேழாவதாக வைத்துள்ளார். எல்லாவற்றின் மீதும் இஹ்ஸானை, அதாவது செய்வன திருந்தச் செய்யும் நல்லியல்பை, இறைவன் விதித்திருக்கின்றான் என்று பொதுவாகத் தொடங்கும் அந்நபிமொழி, அறுக்கும்போது அழகிய முறையில் அறுக்குமாறு பணித்து, அதன் நடைமுறையாகக் கத்தியைத் தீட்டுமாறும் பிராணிக்கு எளிமை தருமாறும் கூறி முடிகின்றது. விதித்தான் என்பதற்கு அங்கு ஆளப்பட்டுள்ள சொல் 'கதப'. எழுதினான் என்பதே அதன் நேர்ப்பொருள். எழுத்தையும் கத்தியையும் ஒன்றாகக் கண்ட நம் முன்னோருக்கு இச்சொல் எத்தகைய பொருத்தமுடையதாகத் தோன்றியிருக்கும்!

பிராணியைக் கிடத்திவிட்டு அதன் கண்ணெதிரே கத்தியைத் தீட்டிய ஒருவரை நபியவர்கள் கண்டித்ததையும், அதற்குப் பலமுறை மரணத்தைத் தர விரும்புகின்றாயா என்னும் கருத்தில் வினவியதையும் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வாயிலாக ஹாகிம் பதிவுசெய்துள்ளார். தீட்டவேண்டும்; அதுவும் உரிய வேளைக்கு முன்னரே தீட்டவேண்டும் என்பது இதனால் பெறப்படுகின்றது.

சட்ட அறிஞர் இதனைச் சிறப்பு என்னும் அளவில் மட்டும் விட்டுவிடவில்லை. மழுங்கிய கத்தியால் அறுத்தால் அது ஆகுமாவதற்கு ஷாஃபிஈ மத்ஹபின் விளக்க நூல்கள் இரு நிபந்தனைகள் கூறுகின்றன. அறுபடுவது கத்தியாலேயே நிகழவேண்டும். அறுப்பவரின் உடல்வலிமையால் அழுத்திப் பிய்ப்பதாக இருத்தலாகாது என்பது ஒன்று. பிராணி இறுதித் துடிப்பின் நிலையை அடைவதற்கு முன்பாகவே மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுமையாக அறுபட்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவை பிறழ்ந்தால் அவ்விறைச்சியே ஆகாததாகிவிடும். அறுவையின் ஹலாலும் ஹராமும் கத்தியின் விளிம்பையும் பொறுத்திருக்கின்றன என்பது இதன் பொருள்.

ஒரு பெருநாளில் நாம் கற்றது

1820களில் தொடங்கி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஆலைகளிலிருந்து இரும்புப் பேனா முனைகள் பெட்டி பெட்டியாக உலகெங்கும் பரவின. பின்னர் ஊற்றுப்பேனா வந்தது. அதற்கும் பின் பந்துமுனைப் பேனா வந்தது. நாணலைச் சீவும் தேவை நீங்கியது. எழுத்துக்கலையைத் தொழிலாகக் கொண்டோர் நீங்கலாக, கற்றவர் கையிலிருந்து கத்தி நழுவியது. அதனோடு கல்லும், கல்லைப் பற்றிய அறிவும் நழுவின. ஆண்டுக்கொரு முறை வரும் ஹஜ்ஜுப் பெருநாளில் மட்டும் நாம் கத்தியைத் தேடுகின்றோம்.

இதனை நூல்களிலிருந்து மட்டும் நாம் அறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், துல்ஹஜ் பிறை தொடங்கிய வாரத்தில் மேற்சொன்ன பதினேழாம் நபிமொழியை மாணவருக்கு விரிவாகப் பாடம் நடத்தினோம். 'ஷஃப்ரா' என்னும் சொல்லின் இலக்கணத்தையும், தீட்டுவதைக் குறிக்கும் வினையின் வாய்பாட்டையும் கரும்பலகையில் எழுதி விளக்கினோம். பெருநாளன்று நம் வீட்டு ஆட்டை அறுக்க நாமே முன்வந்தோம். கடையில் புதிதாக வாங்கிய கத்தி, கண்ணாடிபோல் பளபளத்தது. அது கல்லைக் கண்டதில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. கழுத்தில் வைத்து இழுத்தபோது அது மயிரின் மீது வழுக்கியது, தோலில் பதியவில்லை. ஆடு மிரண்டு திமிறியது. அதன் விழி நம்மை நோக்கியவாறு இருந்தது. கையை எடுத்துவிட்டோம்.

அருகில் நின்ற அண்டை வீட்டுப் பெரியவர், துணியில் சுற்றிவைத்திருந்த கறுத்த பழைய கத்தியொன்றை நீட்டினார். ஒரே இழுப்பில் அறுவை நிறைவெய்தியது. அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "கத்தியை நேத்தே பாத்திருக்கணும், ஹஜ்ரத்" என்று மட்டும் மெல்லச் சொன்னார். கரும்பலகையில் நாம் எழுதிய வாய்பாடு முழுவதும் அந்த ஒரு சொல்லின் முன் நாணி நின்றது. பெருநாள் கழிந்தபின் அவருடைய திண்ணைக்குச் சென்று, ஐம்பதைக் கடந்த வயதில் கத்தி தீட்டக் கற்றோம்.

தீட்டும் முறை

கற்றதைச் சுருக்கமாக இங்குப் பதிவு செய்வது பொருத்தமாகும். பெரிய அறுவைக் கத்திக்கும் சட்டைப்பையின் பேனாக்கத்திக்கும் நெறி ஒன்றே. தொடங்குவோர்க்குச் சிறிய கத்தியே ஏற்றது. கைக்கு அடங்கும், பிழை நேர்ந்தாலும் இழப்புக் குறைவு.

ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நுண்மையாகவும் உள்ள தீட்டுக்கல் வேண்டும். கார்போரண்டம் கல்லாயின் நீரில் மூழ்கவைத்து, குமிழிகள் அடங்கியபின் எடுத்து, ஈரத்துணியின் மேல் அசையாது வைக்கவேண்டும். கத்தியைக் கல்மீது செங்குத்தாக நிறுத்தினால் அது தொண்ணூறு பாகை. அதில் பாதி நாற்பத்தைந்து. அதிலும் பாதி ஏறத்தாழ இருபத்திரண்டு. அதற்குச் சற்றே தாழ்த்திப் பிடித்தால் வேண்டிய சாய்வு கிடைத்துவிடும். தொடக்கம் முதல் முடிவு வரை இச்சாய்வு மாறாதிருப்பதே இக்கலையின் முழு இரகசியம் எனலாம். கல்லின் மேற்பரப்பிலிருந்து ஒரு மெல்லிய ஏட்டைச் சீவி எடுப்பதுபோல, கூர்முனை முன்செல்லுமாறு, பிடியை ஒட்டிய பகுதியிலிருந்து நுனிவரை கல்லில் படும்படி தள்ளவேண்டும்.

சாய்வு சரிதானா என்று அறிய ஓர் எளிய வழியுண்டு. விளிம்பின் ஓரத்தில் எழுதும் மையைத் தடவிவிட்டு இரண்டு முறை தீட்டிப் பார்க்கலாம். மை முனைவரை அழிந்தால் சாய்வு சரி. முனையில் மை எஞ்சினால் கத்தி மிகத் தாழ்ந்துள்ளது; முனையில் மட்டும் அழிந்து மேலே எஞ்சினால் மிக நிமிர்ந்துள்ளது. எழுதுகோலுக்குப் பணிசெய்த கத்திக்கு, மை இங்கே கைம்மாறு செய்கின்றது.

ஒரு பக்கத்தையே தொடர்ந்து தீட்டிவந்தால், மறுபக்க விளிம்பில் நூலிழை போன்ற பிசிர் ஒன்று எழும். கட்டைவிரலை விளிம்பின் நீளவாக்கில் ஓட்டாமல், அலகின் நடுவிலிருந்து வெளிப்புறமாகக் குறுக்கே மெல்லத் தடவினால் அது தட்டுப்படும். பிடிமுதல் நுனிவரை அப்பிசிர் எழும்வரை மறுபக்கத்தைத் தொடலாகாது. பலர் தோல்வியுறுவது இவ்விடத்திலேதான். பிசிர் எழுவதற்கு முன்பே பொறுமையிழந்து கத்தியைத் திருப்பிவிடுகின்றனர். பிசிர் எழுந்தது என்றால் இப்புறத்துப் பரப்பு விளிம்பை எட்டிவிட்டது என்று பொருள். பின்னர் மறுபக்கத்தையும் அவ்வாறே தீட்டி, கல்லின் நுண்பக்கத்துக்கு மாறி, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். இறுதியில் கத்தியின் சொந்த எடையே போதும்.

எஞ்சிய பிசிரை நீக்குவது தோல். நாவிதர் சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டுவதைக் கண்டிருப்போம். பழைய இடைவாரின் உட்புறம் இதற்குப் போதும். இங்கு மட்டும் திசை மாறவேண்டும். கத்தியின் முதுகு முன்செல்ல, கூர்முனை பின்தொடர வேண்டும். மாறிச்சென்றால் தோல் அறுபடும். இருபது முப்பது முறை இவ்வாறு தீட்டியபின், ஒரு தாளைக் கையில் தொங்கவிட்டு வெட்டிப் பார்க்கலாம். கிழியாமல் ஓசையின்றி அறுபட்டால் கூர்மை கைவந்துவிட்டது. முன்கை மயிரை மழிக்குமாயின் அது சவரக்கத்தியின் கூர்மையே.

கல் கிடைக்காத வேளையில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகிடாத வளையத்தில் தீட்டலாம். கத்தி சற்று மழுங்கியதாயின் அதுவே போதும். மின்சாரச் சாணைச் சக்கரத்தில் நெடுநேரம் பிடிப்பது மட்டும் நன்றன்று. சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் இரும்பின் கடினம் அவ்விடத்தில் போய்விடும்; பின் எவ்வளவு தீட்டினும் கூர்மை நிற்காது. கூரிய கத்தியே ஆபத்தானது என்னும் எண்ணமும் தவறு. மழுங்கிய கத்திக்குத்தான் கை அழுத்தம் கொடுக்கின்றது. அழுத்தம் மிகும்போதுதான் கத்தி வழுக்கிக் கையைப் பதம்பார்க்கின்றது.

முடிவாக

அல் கல்கஷந்தியின் வரிசையில் இறுதியாக நின்ற 'மிஸன்' என்னும் சொல்லுக்கு நாம் மீண்டும் வருவோம். 'ஸன்ன' என்னும் வினைக்குத் தீட்டினான் என்பது ஒரு பொருள். ஒரு வழியை ஏற்படுத்தினான் என்பது மற்றொரு பொருள். தீட்டுக்கல்லைக் குறிக்கும் மிஸன் என்னும் சொல்லும், நபிவழியைக் குறிக்கும் ஸுன்னத் என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. மீண்டும் மீண்டும் ஒரே சாய்வில், ஒரே திசையில், பொறுமையோடு செல்வதே இரண்டுக்கும் இயல்பு.

நம் அரபுக் கல்லூரிகளில் பதினேழாம் நபிமொழி ஆண்டுதோறும் ஓதப்படுகின்றது. அதன் அறிவிப்பாளர் வரிசை ஆராயப்படுகின்றது. சொற்களின் இலக்கணம் விளக்கப்படுகின்றது. அதனை ஓதி முடித்துப் பட்டம் பெற்றுச் செல்லும் மாணவரே ஊர்தோறும் குர்பானிக்குக் கத்தி பிடிக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் அக்கத்தியைத் தாமே தீட்டவல்லவர் என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பிராணியின் இறுதிக் கணம் எளிதாவதும் கொடிதாவதும் அதற்கான விடையில் அடங்கியுள்ளது.

இப்போது அந்நபிமொழியைப் பாடம் நடத்தும் நாளில், நூலோடு ஒரு கல்லையும் ஒரு சிறு கத்தியையும் நாம் வகுப்புக்கு எடுத்துச் செல்கின்றோம். ஒவ்வொரு மாணவரும் பிசிர் எழும்வரை தீட்டிவிட்டே இருக்கைக்குத் திரும்புகின்றார். முதல் நாளில் சிலர் சிரித்தனர். தாள் ஓசையின்றி இரண்டானபோது சிரிப்பு அடங்கியது. பெருநாளுக்கு முந்தைய நாள் மாலையில், தம் வீட்டுக் கத்தியோடு அக்கல்லைக் கேட்டு நம் வாயிலுக்கு வந்தவர்களும் அவர்களே.